நடுக்கடலில் முறிந்த பாய்மரம்

வீட்டில் உத்தரம் முறிந்தால் தச்சரைக் கூப்பிடலாம். மாட்டு வண்டியின் அச்சு முறிந்தால் பக்கத்து ஊர்ப் பட்டறைக்கு ஆள் அனுப்பலாம். கரையே ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கும் நடுச் சமுத்திரத்தில், ஒரு சின்னஞ்சிறு படகின் பாய்மரம் முறிந்து விட்டால் யாரைக் கூப்பிடுவது?

1957-ம் வருஷம் பிப்ரவரி 14-ந் தேதி காலையில் மூன்று மனிதர்களுக்கும் ஒரு பூனைக்கும் இந்தச் சங்கடம் நேர்ந்தது. முறிந்தது ஒரு பாய்மரம் அல்ல, இரண்டு. சுக்கானும் போய் விட்டது. போதாக்குறைக்குப் படகின் தளத்தில் ஆறடிக்கு ஆறடி அளவில் ஒரு பெரிய ஓட்டை! அவர்கள் எப்படிக் கரை சேர்ந்தார்கள், சேர்ந்த பின் என்ன செய்தார்கள் என்பது கப்பலோட்டிகள் இன்றைக்கும் பேசிக்கொள்ளும் கதை. கப்பலையே பார்த்திராத நமக்கும் அதில் ருசி உண்டு.

தேனீர்க் கடையில் கதை கேட்பவர்கள் கூட முதலில் கதாபாத்திரங்கள் யார் என்று கேட்பார்கள். அதைச் சொல்லி விடுகிறேன்.

மைல்ஸ் ஸ்மீட்டன் பழைய இந்திய ராணுவத்தில் பிரிகேடியராக இருந்தவர். அவர் மனைவி பெரில். இருவருக்கும் அப்போது ஐம்பது வயது கடந்து விட்டது. சும்மா இருக்கத் தெரியாத தம்பதிகள். 1939-ல் வடமேற்கு எல்லையில் திரிச் மீர் என்ற மலையில் ஏறப் போனார்கள். அப்போது அவர்களுடன் சென்ற ஷெர்பாக்களில் ஓர் இளைஞர், பிற்காலத்தில் எவரெஸ்ட் சிகரத்தில் கால் வைத்த டென்சிங் நார்கே! யுத்தம் முடிந்த பிறகு கனடாவில் ஒரு தீவில் பண்ணை வைத்துக் கொண்டு குடியேறினார்கள். பண்ணையோடு இருந்தார்களா? இல்லை. இங்கிலாந்தில் ஒரு படகை வாங்கி, பாய் விரிக்கத் தெரியாத நிலையிலேயே, சிறு பெண்ணான தங்கள் மகள் கிளியோவையும் கூட்டிக் கொண்டு கனடாவுக்கு ஓட்டி வந்து சேர்த்தார்கள்.

அந்தப் படகின் பெயர் ட்ஸூ ஹாங். சீனர்களின் கருணைத் தெய்வமான குவான் இன்னின் ஓடத்துக்கு உள்ள பெயர் அது. 1938-ல் ஹாங்காங்கில் தேக்கு மரத்தில் கட்டியது. நீளம் 46 அடி. முன்னே பெரிய பாய்மரம் ஒன்று, பின்னே சிறியது ஒன்று.

மூன்றாவது ஆள் ஜான் கஸ்வெல். இருபத்தாறு வயது வாலிபர், கை தேர்ந்த மர வேலைக்காரர். தம் கையாலேயே இருபதடி நீளத்துக்குச் சற்று அதிகமான ஒரு குட்டிப் படகைக் கட்டி, ட்ரெக்கா என்று பெயரிட்டு, அதில் தன்னந்தனியாக உலகத்தைச் சுற்றக் கிளம்பியவர். வழியில் ஸ்மீட்டன் தம்பதிகளுடன் சிநேகமாகி விட்டது. ட்ரெக்காவை நியூஸிலாந்தில் விட்டு விட்டு அவர்களுடன் ட்ஸூ ஹாங்கில் ஏறிக் கொண்டார். நம் கடற்கரையில் படகு கட்டும் தச்சரை ஓடாவி என்பார்கள். ஓர் ஓடாவியே கூட வந்ததுதான் இந்தக் கதையின் அதிர்ஷ்டம்.

மெல்போர்னிலிருந்து கிளம்பினார்கள்

1956-ல் மெல்போர்ன் நகரில் ஒலிம்பிக் பந்தயங்கள் நடந்தன அல்லவா? அதை முடித்துக் கொண்டு டிசம்பர் பிற்பகுதியில் பாய் விரித்தார்கள். கிளியோ இங்கிலாந்தில் படித்துக் கொண்டிருந்தாள். மகளைப் பார்க்கப் போக வேண்டும். பனாமா கால்வாய் வழியாகப் போகலாமே என்பீர்கள். அவர்கள் தேர்ந்தெடுத்தது தென் அமெரிக்காவின் அடிமுனையான ஹார்ன் முனையைச் சுற்றிப் போகும் பழைய கப்பல் பாதை. அங்கே தெற்குச் சமுத்திரத்தில் பூமியைச் சுற்றிலும் மேற்குக் காற்றுக்குக் குறுக்கே நிலமே கிடையாது. தடுப்பார் இல்லாத காற்று. தடுப்பார் இல்லாத அலை. மலை மலையாக எழும்பி வரும்.

ஐம்பது நாளுக்கு மேல் பிரயாணம் ஒழுங்காகத்தான் நடந்தது. ஹார்ன் முனைக்கு இன்னும் சுமார் ஆயிரம் மைல். அன்று காலையில் புயல் கடுமையாக இருந்ததால் எல்லாப் பாய்களையும் இறக்கி விட்டார்கள். படகின் வேகத்தைக் குறைக்கப் பின்புறத்தில் சுமார் அறுபது பாகம் நீளமுள்ள கனத்த வடம் ஒன்றைக் கடலில் விட்டு இழுத்துக் கொண்டு போனார்கள். பெரில் சுக்கான் பிடித்திருந்தார். இடுப்பில் பாதுகாப்புக் கயிறு கட்டியிருந்தது. மைல்ஸ் உள்ளே படுக்கையில் புத்தகம் படித்துக் கொண்டிருந்தார். ஜான் சற்று முன்புதான் அலைகளைச் சினிமாப் படம் பிடித்து விட்டு உள்ளே போயிருந்தார்.

பெரில் திரும்பிப் பார்த்தார். பின்னால் ஒரு சுவர் எழுந்து நின்றது. இடப்பக்கமோ வலப்பக்கமோ அதன் முடிவு கண்ணுக்குத் தெரியவில்லை. செங்குத்தான தண்ணீர்ச் சுவர். படகை அலைக்கு நேராகத்தான் பிடித்திருந்தார். அவர் மேல் தப்பில்லை. ஆனால் அலை அவ்வளவு செங்குத்தாக வந்தபோது நேராகப் பிடித்தும் பயனில்லை. படகின் பின்புறம் மேலே எழும்ப, மூக்கு கீழே குத்த, படகு தலைகுப்புறக் கரணம் அடித்தது!

பாதுகாப்புக் கயிறு அறுந்தது. பெரில் கடலில் கிடந்தார். தலையைத் தூக்கிப் பார்த்தபோது படகு சுமார் முப்பது கஜ தூரத்தில், மரமில்லாமல், மொட்டையாக, தண்ணீரில் ஆழ்ந்து மிதந்தது. முறிந்த பின் பாய்மரம் கயிறுகளோடு படகை ஒட்டி மிதந்தது. நெற்றியில் காயம், தோளிலும் காலிலும் அடி. அப்படியும் நீந்தி வந்து அந்த மரத்தைப் பிடித்துக் கொண்டார். ஆண்கள் இருவரும் சேர்ந்து அவரை மேலே இழுத்துப் போட்டார்கள். தம்மைக் கொல்லப் பார்த்த புயல் முறித்த மரமே அவருக்குத் தெப்பமாயிற்று.

பாய்மரம் எதற்கு?

இந்த இடத்தில் கதையைச் சற்று நிறுத்திக் கொள்ள வேண்டியிருக்கிறது. பாய்மரம் என்றால் பாயைக் கட்டும் கம்பம், அவ்வளவுதானே என்று நாம் நினைக்கிறோம். நம் முன்னோர் அதைக் கூம்பு என்றார்கள். கூம்பில் கட்டிய பாயைக் கூடக் களையாமல் பெரிய கப்பல்கள் காவிரிப்பூம்பட்டினத்துத் துறைக்குள் புகுந்ததாகப் புறநானூறு சொல்கிறது. சங்க காலத்திலிருந்தே நமக்குப் பழக்கமான சாமான்தான். ஆனால் அது வெறும் கம்பம் அல்ல.

மரத்தின் தலையிலிருந்து படகின் முன்னும் பின்னும் இரு பக்கமும் கம்பிகள் இறங்கி இறுக்கிக் கட்டப்பட்டிருக்கின்றன. காற்று பாயைத் தள்ளும்போது காற்று வரும் பக்கத்துக் கம்பி மரத்தைப் பிடித்து இழுக்கிறது. அந்த இழுப்பு மரத்தைக் கீழ்நோக்கி அமுக்குகிறது. ஆகவே பாய்மரம் முக்கியமாகத் தாங்குவது பக்கத்துத் தள்ளலை அல்ல, தலையிலிருந்து கால் வரை இறங்கும் அமுக்கத்தை. கம்பிகளில் ஒன்று விட்டாலும் போதும். வாழைத்தண்டு போல மடிந்து விடும். பல படகுகளில் மரம் முறிந்த காரணத்தைத் தேடிப் போனால் கடைசியில் கிடைப்பது புயல் அல்ல. கம்பியைத் தளத்தோடு மாட்டும் சுண்டு விரல் அளவு ஆணி ஒன்று தேய்ந்து போனதுதான். காசுக்குக் கால் பெறாத சாமான்!

இன்னொரு விஷயம் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். மரம் போன பிறகு படகு அதிகமாக ஆடும். உயரத்தில் அவ்வளவு பாரம் போய் விட்டதே, ஆட்டம் குறைய வேண்டாமா? இல்லை. கழைக்கூத்தாடி கயிற்றின் மேல் நடக்கும்போது நீண்ட கழியைப் பிடிக்கிறானே, அதே வேலையைப் பாய்மரம் செய்து கொண்டிருந்தது. கழி இருந்தால் சாய்வது மெதுவாகச் சாயும். கழி போனால் வெடுக்கு வெடுக்கென்று ஆட்டம். அந்த ஆட்டத்தில் நின்று கொண்டுதான் புது மரத்தை நட வேண்டும்.

அதற்கும் முன்னால் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. முறிந்த மரம் கம்பிகளில் சிக்கிப் படகின் விலாவோடு மிதந்து கொண்டிருக்கும். ஒவ்வோர் அலைக்கும் அது உலக்கை போல வந்து இடிக்கும். விட்டு வைத்தால் பலகையைப் பிளந்து விடும். ஆகவே கம்பிகளை வெட்டி அதைக் கடலோடு அனுப்பி விட வேண்டும். ஆனால் எல்லாவற்றையும் அனுப்பி விட்டால் பிறகு எதைக் கொண்டு மரம் நடுவது? எதை வெட்டுவது, எதை மீட்பது என்று அலைக்கும் இருட்டுக்கும் நடுவே கணக்குப் பார்க்க வேண்டும்.

தச்சர் இருந்தார்

ட்ஸூ ஹாங்கில் அந்தக் கணக்குக்குக் கூட அவகாசமில்லை. உள்ளே இடுப்பளவு தண்ணீர். முதலில் ஓட்டையை அடைத்தாக வேண்டும். ஜான், கிடைத்த பலகைகளையும் கதவுகளையும் குறுக்கே போட்டு, ஆணி அடித்து, மேலே பாய்த்துணியை இழுத்து மூடினார். மற்ற இருவரும் வாளியால் தண்ணீரை இறைத்தார்கள். பெரில் அடிபட்ட தோளோடு இறைத்தார். மணிக்கணக்காக இறைத்தார்கள். நடுவே, நனைந்து விறைத்துப் போயிருந்த ப்வே என்ற அந்தச் சயாம் பூனையையும் காப்பாற்றி, துடைத்து, சூடு காட்டினார்கள். பூனையும் பிழைத்துக் கொண்டது.

தண்ணீர் குறைந்ததும் ஜான் தம் ஆயுதங்களைத் தேடி எடுத்தார். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். உலகமே தலைகீழாகி விட்டது. உடுத்திய துணி முதல் உப்புப் பொட்டலம் வரை எல்லாம் எண்ணெயும் கடல்நீரும் கலந்த சேற்றில் கிடக்கின்றன. அந்த வாலிபர் உளிகளைப் பொறுக்கி எடுத்து, துடைத்து, வேலைக்கு உட்காருகிறார். அவசரப்பட்டுக் கோணலாக ஒரு வேலையும் செய்யவில்லை. அளந்து, அறுத்து, இழைத்து, பொருத்தமாகச் செய்தார் என்று மைல்ஸ் பிற்பாடு தம் நூலில் வியந்து எழுதியிருக்கிறார்.

முதலில் மிஞ்சியிருந்த ஒரு கழியை நட்டு, அதில் சின்னப் பாய் ஒன்றைக் கட்டினார்கள். படகு நகர ஆரம்பித்தது. அது போதவில்லை. ஆகவே ஜான், படகுக்குள் கிடைத்த பலகைகளைக் கொண்டே பெட்டி போல உள்ளே கூடாக இருக்கும்படி இருபதடி உயரத்துக்கு ஒரு மரத்தைச் செய்தார். சுக்கானுக்குப் பதிலாக ஒரு நீண்ட துடுப்பையும் செய்து கொடுத்தார்.

இருபதடிப் பலகை படகுக்குள் ஏது? துண்டுப் பலகைகளைத்தான் ஒட்ட வேண்டும். இரண்டு பலகைகளை முனையோடு முனை வைத்து ஒட்டினால் முதல் காற்றிலேயே விட்டுப் போகும். இரண்டு முனைகளையும் நீளச் சரிவாகச் சீவி, சரிவின் மேல் சரிவை வைத்து ஒட்ட வேண்டும். சரிவு எவ்வளவு நீளம்? பாய்மரம் செய்கிறவர்களின் கணக்கு, கனத்தைப் போல் பன்னிரண்டு மடங்கு. அதாவது ஓர் அங்குலக் கனப் பலகைக்கு ஓரடிச் சரிவு. இது பட்டறையில் செய்தாலே பொறுமையைச் சோதிக்கும் வேலை.

செய்த மரத்தை நிமிர்த்துவது அடுத்த சோதனை. கரையில் பளுதூக்கி இருக்கிறது. கடலில்? கிணற்றில் தூர் வாரக் கவைக் கால் நடுவது போல, இரண்டு கழிகளின் தலைகளைச் சேர்த்துக் கட்டிக் கால்களைப் படகின் இருபக்கமும் அகட்டி நிறுத்தி, அதன் உச்சியிலிருந்து கப்பி வழியாகக் கயிற்றை இழுத்து மரத்தைத் தூக்குவது கப்பலோட்டிகளின் பழைய வழி. மரத்தின் அடி நழுவாதபடி முதலிலேயே கட்டி விட வேண்டும். இரு பக்கத்துக் கயிறுகளையும் இரண்டு பேர் பிடித்துக் கொண்டு, படகு இந்தப் பக்கம் ஆடினால் அந்தக் கயிற்றை இறுக்கியும், அந்தப் பக்கம் ஆடினால் இந்தக் கயிற்றை இறுக்கியும் நிமிர்த்த வேண்டும். தேர் வடம் பிடிக்கிறவர்களுக்கு இந்த வித்தை புரியும். ஒரு கை அசந்தால் மரம் பிடித்தவர் தலையிலேயே விழும்.

இந்த ஒட்டு மரத்தோடு ஆயிரத்துக்கும் அதிகமான மைல் வடக்கே ஓடி, ஐந்து வாரம் போலக் கழித்து, சிலி நாட்டில் கொரோனெல் என்ற துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தார்கள். யாரிடமும் உதவி கேட்கவில்லை. கேட்க வழியும் இருக்கவில்லை.

புது மரம்

சிலி நாட்டுக் கடற்படையினர் தாராள மனசுக்காரர்கள். டல்காவானோ என்ற இடத்தில் உள்ள தங்கள் கப்பல் தளத்தில் ட்ஸூ ஹாங்கைச் செப்பனிட இடம் கொடுத்து உதவினார்கள். மாதக் கணக்கில் வேலை நடந்தது. இரண்டு புதுப் பாய்மரங்கள் எழும்பின.

மரப் பாய்மரம் செய்கிற முறை பார்க்க வேண்டிய காட்சி. கனமில்லாத, நரம்பு நேராக ஓடுகிற, முடிச்சில்லாத மரமாகத் தேட வேண்டும். மேலைநாட்டார் ஸிட்கா ஸ்ப்ரூஸ் என்ற மரத்தை உச்சியில் வைப்பார்கள். முதலில் சதுரமாக அறுத்து, மேலே போகப் போகச் சிறுக்கும்படி சீவிக் கொள்வார்கள். பிறகு நான்கு மூலைகளையும் எடுத்து எட்டுப் பட்டை ஆக்குவார்கள். எட்டைப் பதினாறு ஆக்குவார்கள். அதற்கப்புறம்தான் உருட்டு. வட்டத்தைத் தொடக்கத்திலேயே தேடினால் கோணலாகி விடும் என்பது தச்சர்களின் அனுபவம்.

மரத்தின் அடிக்கால் உட்காரும் குழியில் ஒரு நாணயம் போடுவது மேலைநாட்டுக் கப்பல்காரர்களின் வழக்கம். வெகு புராதன வழக்கம். லண்டனில் தேம்ஸ் நதியின் சேற்றிலிருந்து 1962-ல் ஒரு ரோமானியர் காலப் படகைக் கண்டுபிடித்தார்கள். அதன் பாய்மரக் குழியில் டொமீஷியன் சக்கரவர்த்தி காலத்துச் செப்புக் காசு ஒன்று இருந்தது. காசின் பின்புறத்தில் அதிர்ஷ்ட தேவதையின் உருவம்! நம் வீட்டில் நிலைவாசல் நடும்போது அடியில் காசும் நவதானியமும் போடுகிறோமே, அதற்கும் இதற்கும் எத்தனை தூரம்?

மறுபடியுமா?

புது மரம் நட்டாயிற்று. இப்போதுதான் உண்மையான கேள்வி. ஒரு தடவை உயிர் தப்பியவர்கள் பேசாமல் பனாமா வழியாகப் போயிருக்கலாம். ஜானுக்கோ நியூஸிலாந்தில் தம் ட்ரெக்கா காத்திருந்தது. விடைபெற்றுப் போய் விட்டார். (1959-ல் அதிலேயே உலகத்தைச் சுற்றி முடித்தார். அவ்வளவு சிறிய படகில் அதுவரை யாரும் சுற்றியதில்லை.) தச்சர் இல்லை. ஐம்பது வயது கடந்த இரண்டே பேர். அவர்களோ 1957 டிசம்பரில் நேராகத் தெற்கே, அதே ஹார்ன் முனைக்குக் கிளம்பினார்கள்!

வீரம் என்பதா, வீம்பு என்பதா? எனக்கு வீம்பு என்றுதான் தோன்றுகிறது. ஆனால் நாலு பேர் வேண்டாம் என்று சொன்ன காரியத்தை நாமும் எப்போதாவது செய்திருக்கிறோம்.

டிசம்பர் 26-ந் தேதி, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், மீண்டும் புயல். போன தடவை அலைக்கு முன்னால் ஓடித்தானே கரணம் அடித்தோம் என்று, இந்தத் தடவை பாய்களை இறக்கி, சுக்கானைக் கட்டி விட்டு, படகைத் தன் போக்கில் மிதக்க விட்டு இருவரும் உள்ளே படுத்துக் கொண்டார்கள். அலை பக்கவாட்டில் வந்து படகை உருட்டியது. முழு உருட்டு. நிமிர்ந்தபோது சிலி நாட்டுப் புது மரங்கள் இரண்டும் இல்லை.

ஓடினாலும் கவிழ்ந்தது, ஓடாமல் இருந்தாலும் கவிழ்ந்தது. சிறு படகுக்காரர்கள் இந்த இரண்டு முறைகளில் எது மேல் என்று இன்றைக்கும் வாதாடுகிறார்கள். இரண்டு கட்சிக்காரர்களும் ட்ஸூ ஹாங்கையே சாட்சிக்கு இழுக்கிறார்கள்.

முதல் தடவை தச்சர் செய்ததைப் பார்த்துக் கொண்டிருந்தவர்கள், இரண்டாம் தடவை தாங்களே செய்தார்கள். ஓட்டையை அடைத்தார்கள். தண்ணீரை இறைத்தார்கள். கழியை நட்டார்கள். கையகலப் பாயோடு ஊர்ந்து ஊர்ந்து, சுமார் ஒரு மாதத்துக்குப் பிறகு வால்பரைசோ துறைமுகம் சேர்ந்தார்கள். இந்தத் தடவை பிடிவாதம் பிடிக்கவில்லை. படகைப் பெரிய கப்பலின் தளத்தில் ஏற்றி இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். மைல்ஸ் 1959-ல் எழுதிய புத்தகத்துக்கு ‘ஒரு தடவை போதும்’ என்று பொருள்படும் தலைப்பு வைத்தார். இரண்டு தடவை கவிழ்ந்தவர் வைத்த தலைப்பு!

நம் காலத்தில்

இதெல்லாம் பழங்கதை என்று தள்ள வேண்டாம். 2018-ல் பழைய பாணிச் சிறு படகுகளில், தனி ஆளாக, எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றும் பந்தயம் ஒன்று நடந்தது. அதில் ஐந்து படகுகள் பாய்மரத்தை இழந்தன. ஒன்று நம் இந்தியக் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமியின் ‘துரியா’. செப்டம்பர் 21-ந் தேதி தெற்கு இந்து சமுத்திரத்தில் புயலில் சிக்கி, மரம் முறிந்து, அவருடைய முதுகெலும்பிலும் பலமான அடி. எழுந்து உட்காரக் கூட முடியவில்லை. அதே புயலில் அயர்லாந்துக்காரரான கிரெகர் மெக்கக்கினின் பாய்மரங்களும் போயின. அவர் தம் படகில் ஒரு தற்காலிக மரத்தை நட்டுக் கொண்டார். நட்டுக் கொண்டு கரையைப் பார்த்தா போனார்? இல்லை, படுக்கையில் கிடந்த டோமி இருந்த திசை நோக்கி ஓட்டினார். பிரெஞ்சு ரோந்துக் கப்பல் ஒன்று முந்தி வந்து, 24-ந் தேதி இருவரையுமே மீட்டது.

டோமி முதுகெலும்பில் சத்திர சிகிச்சை செய்து கொண்டு, மறுபடி நடக்கப் பழகி, அதே பந்தயத்தில் 2022-ல் மீண்டும் கலந்து கொண்டார். 2023 ஏப்ரலில் இரண்டாவதாக வந்து சேர்ந்தார்.

ஸ்மீட்டன் தம்பதிகளும் அந்த ஜாதிதான். 1968 டிசம்பரில், பாப் நான்ஸ் என்ற நண்பரைத் துணைக்கு வைத்துக் கொண்டு, அறுபது வயதைத் தாண்டிய அந்த இருவரும் அதே ட்ஸூ ஹாங்கில் ஹார்ன் முனையைச் சுற்றி வந்தார்கள். அதுவும் காற்றுக்கு எதிராக, கிழக்கிலிருந்து மேற்கே. அந்தத் தடவை பாய்மரங்கள் இரண்டும் இருந்த இடத்திலேயே இருந்தன.